பிஷப்பை யாராவது சும்மா கொடுப்பார்களா? செஸ் என்ஜினுக்கு ஒரு பரீட்சை

வீட்டில் செஸ் பலகை இருந்தால் எடுத்து வையுங்கள். இல்லையென்றால் போனில் இருக்கிற ஆப்பில் பலகையைக் காலி செய்துவிட்டு இந்தப் பத்துக் காய்களை மட்டும் வையுங்கள். வெள்ளைக்கு ராஜா ஜி1-இல், பிஷப் சி3-இல், சிப்பாய்கள் ஜி2-இலும் எச்4-இலும். கறுப்புக்கு ராஜா இ6-இல், பிஷப் எஃப்5-இல், சிப்பாய்கள் ஏ4, டி5, எஃப்6, ஜி6 ஆகிய கட்டங்களில். பிஷப்பை மந்திரி என்று சொல்லிப் பழகியவர்கள் அப்படியே படித்துக்கொள்ளலாம். கட்டத்தின் பெயரில் எழுத்து, வெள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தால் இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை. எண், வெள்ளையின் பக்கத்திலிருந்து மேலே 1 முதல் 8 வரை. நகர்த்த வேண்டியது கறுப்பு.

1998-இல் ஸ்பெயினின் லினாரெஸ் போட்டியில் கிராண்ட்மாஸ்டர்கள் டோபலோவும் ஷிரோவும் ஆடிய ஆட்டம் இது. வெள்ளை டோபலோவ், கறுப்பு ஷிரோவ். 46 நகர்த்தல்கள் முடிந்து, 47-ஆவதை ஷிரோவ் ஆட வேண்டும்.

முதலில் கடைக் கணக்கு. பிஷப்புக்கு 3, சிப்பாய்க்கு 1 என்று போட்டால் கறுப்பிடம் 7, வெள்ளையிடம் 5. கறுப்பு 2 கூடுதல். ஆனால் கொஞ்சம் ஆடிப் பழகியவர்கள் உடனே உதட்டைப் பிதுக்குவார்கள். வெள்ளையின் பிஷப் கறுப்புக் கட்டங்களில் மட்டும் ஓடும், கறுப்பின் பிஷப் வெள்ளைக் கட்டங்களில் மட்டும் ஓடும். இரண்டும் ஒன்றையொன்று தொடவே முடியாது. இப்படிப்பட்ட முடிவாட்டங்களில் இரண்டு சிப்பாய் கூடுதலாக இருந்தும் டிரா ஆகிப் போவது சகஜம்.

இந்த நிலையில் கறுப்பு ஆடக்கூடிய நகர்த்தல்கள் எத்தனை என்று ஒருமுறை விரல்விட்டு எண்ணினேன். ராஜாவுக்கு 4, பிஷப்புக்கு 6, சிப்பாய்களுக்கு 3. மொத்தமே 13. அந்தப் பதின்மூன்றில் பார்த்தவுடன் ‘இதை மட்டும் ஆடக் கூடாது’ என்று எந்தக் குழந்தையும் சொல்லிவிடக்கூடியது ஒன்று உண்டு. பிஷப்பைக் கொண்டுபோய் எச்3-இல் வைப்பது. ஜி2 சிப்பாய் பக்கத்திலேயே வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. வெட்டிவிட்டுப் போகும். பதிலுக்கு எதுவும் கிடைக்காது, செக்கும் இல்லை.

ஷிரோவ் ஆடியது அதைத்தான்.

ஏன்? கறுப்பு ராஜா இ4 கட்டத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சேர்ந்துவிட்டால் டி-சிப்பாயையும் ஏ-சிப்பாயையும் கைபிடித்து அழைத்துக்கொண்டு போகலாம். போகும் வழி எஃப்5. அங்கே தன் பிஷப்பே உட்கார்ந்திருக்கிறது. அதை எழுப்ப ஒரு நகர்த்தல் செலவாகும். அந்த நேரத்தில் வெள்ளை ராஜா ஜி1-இலிருந்து எஃப்2, இ3 என்று இரண்டே எட்டில் வந்து வாசலில் நின்றுவிடும். ஆகவே பிஷப் வெறுமனே எழுந்து போனால் போதாது. போகிற போக்கில் வெள்ளையின் ஒரு நகர்த்தலையும் வீணாக்கிவிட்டுப் போக வேண்டும். எச்3 அதைச் செய்கிறது. அங்கிருந்து பிஷப் ஜி2 சிப்பாயை மிரட்டுகிறது. வெள்ளை அதை வெட்டினால் அந்த ஒரு நகர்த்தல் வெட்டுவதிலேயே போய்விடும், ராஜா ஓரடிகூட எடுத்து வைத்திருக்காது. டோபலோவ் வெட்டினார். கறுப்பு ராஜா எஃப்5. வெள்ளை ராஜா எஃப்2. கறுப்பு ராஜா இ4. ஒரே ஒரு எட்டு வித்தியாசத்தில் கறுப்பு முந்திக்கொண்டது. 53-ஆவது நகர்த்தலில் ஷிரோவின் ராஜா பி3-க்கு வந்ததும் டோபலோவ் விட்டுக்கொடுத்துவிட்டார். ஒரு பிஷப் இரண்டு பக்கத்துச் சிப்பாய்களையும் சேர்த்துக் கட்டி வைக்க முடியவில்லை.

இப்படிப்பட்ட அபாரமான தியாகங்களைக் கம்ப்யூட்டரும் கண்டுபிடிக்குமா? கேள்வி எளிமையாகத்தான் இருக்கிறது. பதிலும் ‘கண்டுபிடித்தது’, ‘கண்டுபிடிக்கவில்லை’ என்ற இரண்டில் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? அங்கேதான் சிக்கல். எதைக் ‘கண்டுபிடித்தது’ என்று எடுத்துக்கொள்வது என்பதில் ஏமாந்துபோக நிறைய வழிகள் இருக்கின்றன.

செஸ் ஆடும் கம்ப்யூட்டர் புரோகிராமைத்தான் என்ஜின் என்கிறார்கள். அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். ஒரு செஸ் என்ஜின் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, ‘நான் இப்படி ஆடினால் அவன் அப்படி, பிறகு நான் இப்படி’ என்று முன்னால் போய்ப் பார்ப்பது. இன்னொன்று, ஒரு கட்டத்தில் நின்று ‘இங்கே யார் நன்றாக இருக்கிறார்கள்’ என்று மார்க் போடுவது. ஒரு பக்கம் ஒரு முறை நகர்த்துவதை ஒரு படி என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக ஒரு நிலையில் 35 நகர்த்தல் இருக்கிறது என்றால், நாலு படி போவதற்குள்ளேயே 15 லட்சம் வழிகள். இன்னும் நாலு படி போனால் எண்ணுக்குப் பின்னால் சுழி போட்டு மாளாது.

அதனால் எந்த என்ஜினும் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. பெண் பார்க்கும் படலம் போலத்தான். நூறு ஜாதகம் வரும். கட்டத்தைப் பார்த்தே பாதியை ஒதுக்கிவிடுவார்கள். மீதியில் நாலைந்துக்குத்தான் நேரில் போய், உட்கார்ந்து, காபி குடித்துவிட்டு வருவார்கள். என்ஜினும் நகர்த்தல்களை முதலில் வரிசைப்படுத்தும். ஏற்கனவே நல்லது என்று தோன்றியவை, லாபமாக வெட்டுபவை முன்னால் நிற்கும். காயைச் சும்மா கொடுப்பவை கடைசிக்குப் போகும். வரிசையின் கடைசியில் இருப்பவற்றை ஆழமாகப் பார்ப்பதில்லை. மேலோட்டமாக ஒரு நோட்டம், ‘ம், சரிப்படாது’, அடுத்தது. ஷிரோவின் நகர்த்தல் அந்தக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பையன்.

சரி, கடைசி பெஞ்சாக இருந்தாலும் நோட்டம் விடுகிறதே, அப்போதாவது தெரியாதா? மார்க்கைப் பாருங்கள். நகர்த்துவதற்கு முன் கறுப்பு 2 மேலே. ஜி-சிப்பாய் வெட்டியதும் கறுப்பு 1 கீழே. இரண்டு நகர்த்தல் கழித்து வெள்ளை பிஷப் எஃப்6 சிப்பாயையும் விழுங்கிவிடும். கறுப்பு 2 கீழே. ஷிரோவ் பிஷப்பைக் கொடுத்ததிலிருந்து டோபலோவ் விட்டுக்கொடுத்த வரைக்கும் எண்ணினால் 13 படிகள். அந்தப் பதின்மூன்றாவது படியிலும் காய்க் கணக்கில் கறுப்பு 2 கீழேதான்! சிப்பாய் கடைசி வரிசைக்குப் போய் ராணியாகி லாபம் கைக்கு வருவது அதற்கும் அப்பால். காய்களைத்தான் பெரும்பாலும் எண்ணத் தெரிந்த ஒரு பழைய என்ஜின் 13 படி நின்று நிதானமாகப் பார்த்திருந்தாலும் ‘நஷ்டம்’ என்றுதான் எழுதியிருக்கும். பார்வை எங்கே முடிகிறதோ அதற்கு அடுத்த அடியில்தான் விஷயம் இருக்கிறது. இதை ஆங்கிலத்தில் ‘ஹரைசன் எஃபெக்ட்’ என்பார்கள். நாம் அடிவான விளைவு என்று சொல்லிக்கொள்ளலாம். கடற்கரையில் நின்று பார்த்தால் தொடுவானத்துக்கு அப்பால் வருகிற கப்பல் தெரியாது, அவ்வளவுதான்.

மனிதன் 20 படி எண்ணியா கண்டுபிடித்தான்? நிச்சயம் இல்லை. ‘என் ராஜா இ4-இல் இருந்தால் ஜெயிப்பேன், அங்கே போக ஒரு அடி குறைகிறது, அந்த ஒரு அடியை எங்கே திருடுவது’ என்று பின்னாலிருந்து யோசித்தால் வரும் விடை இது. என்ஜின் முன்னாலிருந்து மட்டும் தேடுகிறது. இரண்டு பேரும் ஒரே வீட்டைத் தேடுகிறார்கள். ஒருவர் கையில் முகவரி இருக்கிறது, இன்னொருவர் தெருத் தெருவாகப் போகிறார். தெருத் தெருவாகப் போகிறவரிடம் வண்டி வேகமாக இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இப்போது பரீட்சைக்கு வருவோம். என்ஜின் எழுதுகிறவர்கள் இதற்கென்றே ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு நிலையையும் ஒரே வரியில் எழுதிவைப்பார்கள். எந்தக் காய் எங்கே, யார் நகர்த்த வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். வரியின் கடைசியில் ‘பிஎம்’ என்று இரண்டெழுத்து, பக்கத்தில் விடை. ‘பெஸ்ட் மூவ்’ என்பதன் சுருக்கம் அது. சிலவற்றில் ‘ஏஎம்’ என்று இருக்கும். அந்த நகர்த்தலை ஆடாமல் தவிர்க்க வேண்டும் என்று அர்த்தம். இப்படி நிறைய வரிகள் சேர்ந்தது ஒரு வினாத்தாள். என்ஜினுக்கு ஒரு நிலையைக் கொடுத்து, நேரம் வைத்து, விடையை எப்போது தொட்டது என்று குறித்துக்கொள்வார்கள். இவான் பிராட்கோவும் டேனி கோபெக்கும் 1982-இல் வெளியிட்ட 24 நிலைகள் பழைய வினாத்தாள்களில் பேர்போனவை. 1990-களில் பியர் நோலோ என்ற பிரெஞ்சுக்காரர் தொகுத்த 11 நிலைகள் இன்னும் கொடூரமானவை. எல்லாம் கிராண்ட்மாஸ்டர்கள் நிஜப் போட்டியில் ஆடிய தியாகங்கள். அன்றைய என்ஜின்கள் தொடவே முடியாதவையாகப் பார்த்துப் பொறுக்கி வைத்தார். பலகாலம் என்ஜின்காரர்களின் தூக்கத்தைக் கெடுத்தது அந்தச் சின்னப் பட்டியல்.

‘எப்போது தொட்டது’ என்று குறிப்பதில் ஒரு நிபந்தனை உண்டு. தொட்டால் மட்டும் போதாது, அங்கேயே நிற்க வேண்டும். என்ஜின் யோசிக்கும்போது திரையைப் பார்த்திருப்பீர்கள். ஆழம் 10-இல், அதாவது பத்துப் படி வரை பார்த்தபோது, ஒரு நகர்த்தல் முதலிடத்தில் இருக்கும், 14-இல் வேறொன்று, 17-இல் மறுபடி பழையது. நடுவில் ஒரு கணம் ஷிரோவின் நகர்த்தல் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டால் அதற்கு மார்க் கிடையாது. நேரம் முடியும்வரை மாறாமல் நின்றால்தான் கண்டுபிடித்ததாக அர்த்தம்.

மார்க்கும் ஒத்துவர வேண்டும். தியாகத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பக்கத்தில் ‘ஏதோ கொஞ்சம் மேல்’ என்கிற மாதிரி ஒரு எண்ணைக் காட்டி, தொடர்ச்சியாக வேறு எதையோ சம்பந்தமில்லாமல் போட்டிருந்தால், அது பிட் அடித்து எழுதிய கணக்குப் பரீட்சை போல. விடை சரி, வழி இல்லை. மற்ற 12 நகர்த்தல்களும் டிரா என்று அதற்குத் தோன்றியிருக்கலாம். பதின்மூன்றாவதும் டிராதான் என்று நினைத்து, சும்மா அதை எடுத்திருக்கலாம்.

நான் ஒருமுறை அழகாக ஏமாந்தேன். இந்த ஷிரோவ் ஆட்டத்தை லேப்டாப்பில் போட்டு, கடைசிவரை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு, பின்னால் 47-க்கு வந்தேன். என்ஜின் பக்கத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. கண்ணிமைக்கும் நேரத்தில் பிஷப் எச்3 என்று காட்டியது. அடேங்கப்பா என்று நண்பனுக்கு மெசேஜ்கூட அனுப்பிவிட்டேன். அவன் கேட்ட ஒரே கேள்வி: ‘மெமரியைக் காலி பண்ணினாயா?’ என்ஜின் பார்த்த நிலைகளையெல்லாம் ஒரு பெரிய பட்டியலில் ஞாபகம் வைத்துக்கொள்கிறது. நான் முன்னால் போய்த் தட்டியபோதே பின்னால் வரப்போகிறதை அது பார்த்து எழுதி வைத்துக்கொண்டாயிற்று. வினாத்தாளோடு விடைத்தாளையும் சேர்த்துக் கொடுத்தவன் நான்தான். ஆகவே பரீட்சைக்கு முன் என்ஜினை மூடித் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் ‘ஹாஷ்’ என்று இருப்பதை அழிக்க வேண்டும். ஒரே நேரத்தில் முதல் நாலு நகர்த்தல்களையும் காட்டச் சொல்லும் வசதி இருக்கிறதே, அதையும் அணைத்துவிடுங்கள். அது கடைசி பெஞ்ச் பையன்களைக் கட்டாயமாக முன்னால் கூப்பிட்டுக் கேட்பதற்குச் சமம். பல கோர் உள்ள கம்ப்யூட்டரில் ஒரே என்ஜின் ஒரே நிலைக்கு ஒருமுறை சீக்கிரமும் இன்னொருமுறை தாமதமாகவும் விடை சொல்லும். ஒரு தடவை ஓட்டிவிட்டுத் தீர்ப்புச் சொல்லாமல் நாலைந்து தடவை ஓட்டிப் பாருங்கள்.

மனப்பாடம் என்றொரு விஷயமும் இருக்கிறது. 1997 மே 11, நியூயார்க். காஸ்பரோவுக்கும் ஐபிஎம்மின் டீப் புளூவுக்கும் ஆறாவது ஆட்டம். எட்டாவது நகர்த்தலிலேயே டீப் புளூ தன் குதிரையை இ6-இல் தியாகம் செய்தது. 19 நகர்த்தலில் காஸ்பரோவ் விட்டுக்கொடுத்தார். விநாடிக்கு 20 கோடி நிலைகளைப் பார்க்கும் இயந்திரம், குதிரையைக் கொடுத்து உலக சாம்பியனைச் சாய்த்தது என்று கேட்டால் புல்லரிக்கும். ஆனால் அந்தக் குதிரைத் தியாகம் தேடிக் கண்டுபிடித்தது இல்லை. ஆட்டத் தொடக்கங்களுக்கென்று மனிதர்கள் தயாரித்துக் கொடுத்த புத்தகத்தில் இருந்த நகர்த்தல். இயந்திரம் அதை எடுத்து வைத்தது, அவ்வளவே. அதற்குப் பிறகு ஆடியது அதன் சொந்தச் சரக்கு, அதை மறுப்பதற்கில்லை.

இதுவரை பார்த்ததெல்லாம் என்ஜின் ஏமாற்றும் வழிகள், அல்லது நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்ளும் வழிகள். இனி வருவது வேறு மாதிரி. என்ஜினைச் சோதிக்கப் போய் மனிதன் மாட்டிக்கொள்ளும் இடம். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

லினாரெஸுக்கு அடுத்த வருடம், 1999 ஜனவரி. நெதர்லாந்தின் வெய்க் ஆன் சே. காஸ்பரோவ் வெள்ளை. கறுப்பு யார் தெரியுமா? அதே டோபலோவ். பாவம், ஒரு மனிதருக்கு ஒரு வருடத்துக்குள் இரண்டு காலத்தால் அழியாத ஆட்டங்கள், இரண்டிலும் தோற்ற பக்கம். (2005-இல் அவரும் உலக சாம்பியன் ஆனார், அந்த மட்டில் ஆறுதல்.) 24-ஆவது நகர்த்தலில் காஸ்பரோவ் தன் யானையை டி4-இல் கொடுத்தார். டோபலோவ் சிப்பாயால் வெட்டினார். காஸ்பரோவ் இரண்டாவது யானையை இ7-இல் கொண்டுபோய் ராணியின் முன்னால் நீட்டி செக் வைத்தார். அதற்கப்புறம் கறுப்பு ராஜா ஏ7-இலிருந்து கிளம்பி, பலகையைக் குறுக்கே கடந்து, வெள்ளையின் முதல் வரிசையில் இ1 வரைக்கும் துரத்தப்பட்டது. 44 நகர்த்தல். ‘காஸ்பரோவின் அமர ஆட்டம்’ என்றே பெயர் வந்துவிட்டது.

இதை வினாத்தாளில் சேர்க்க வேண்டும் என்றால் எல்லோரும் 24-ஆவது நகர்த்தலைத்தான் எடுப்பார்கள். ‘பிஎம்: யானை டி4.’ இன்றைய என்ஜினிடம் கொடுங்கள். அதற்கு அந்த நகர்த்தல் அவ்வளவாக ருசிக்காது. உடனே ‘பார்த்தாயா, மனிதனின் கற்பனை இயந்திரத்துக்குப் புரியவில்லை’ என்று பதிவு எழுதக் கிளம்பிவிடுவோம். கொஞ்சம் பொறுங்கள். டோபலோவ் அந்த யானையை வெட்டியிருக்கவே வேண்டாம். ராஜாவை பி6-க்கு நகர்த்தியிருந்தால் தப்பித்திருப்பார். ஆட்டம் முடிந்தபின் எல்லோரும், காஸ்பரோவ் உட்பட, ஒப்புக்கொண்ட விஷயம் இது. என்ஜின் அந்த பி6-ஐப் பார்த்துவிடுகிறது. பார்த்ததனால்தான் தியாகத்துக்குத் தலையாட்டவில்லை.

இங்கே தப்பு கேள்வியில். ஒரு நகர்த்தல் பின்னால் வைத்துக் கேட்டிருக்க வேண்டும். டோபலோவ் சிப்பாயால் வெட்டிய பிறகு, 25-ஆவது நகர்த்தலில், ‘இப்போது என்ன?’ என்று கேளுங்கள். அங்கே ஜெயிக்க யானை இ7 ஆட வேண்டும். கைக்கு அருகில் இருக்கும் சிப்பாயை ராணியால் வெட்டி செக் வைப்பது பலிக்காது, கறுப்பு தப்பித்துக்கொள்ளும். யானை இ7 வந்தபின் கறுப்பு ராணி பேராசைப்பட்டு அதை வெட்டினால், வெள்ளை ராணி டி4-இல் செக், ராஜா பி8, ராணி பி6-இல் செக், பிஷப் பி7-இல் குறுக்கே, குதிரை சி6-இல் செக், ராஜா ஏ8, ராணி ஏ7-இல் மேட். பலகையில் ஒருமுறை தட்டிப் பாருங்கள், திருவாதிரைக் களி மாதிரி இறங்கும். இந்தக் கேள்விக்கு ஒற்றை விடை, அந்த விடை வெல்கிறது. 24-க்கு அந்த இரண்டுமே இல்லை. அழகில் எந்தக் குறையும் இல்லை, வினாத்தாளுக்குத்தான் லாயக்கில்லை.

இதை முன்பே பிரித்துச் சொன்னவர் ருடால்ஃப் ஸ்பீல்மான் என்ற ஆஸ்திரியர். 1935-லேயே தியாகங்களை இரண்டு ஜாதியாகப் பிரித்தார். ஒன்று, போலித் தியாகம். பெயர்தான் தியாகம், உண்மையில் வட்டிக்கு விடுவது. நாலு நகர்த்தலில் கொடுத்ததெல்லாம் திரும்பி வரும், கூடவே லாபமும் வரும், எல்லாம் கணக்கில் அடங்கும். இன்னொன்று, நிஜத் தியாகம். என்ன கிடைக்கும் என்று முழுதாகக் கணக்குப் போட முடியாது. எதிராளியின் ராஜா திறந்துகிடக்கும், என் காய்கள் சுறுசுறுப்பாக இருக்கும், மீதியைப் போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம் என்று துணிவது.

முதல் ஜாதியை என்ஜின் ஊதித்தள்ளும். 1851-இல் லண்டனில் ஆண்டர்சன் ராணியையே கொடுத்து மேட் வைத்த ‘அமர ஆட்டத்தின்’ கடைசிக் காட்சியைக் கொடுத்தால், உங்கள் போனில் இருக்கும் என்ஜின் நீங்கள் விரலை எடுப்பதற்குள் சொல்லிவிடும். மேட் பக்கத்தில் இருந்தால் அதற்கு அடிவானப் பிரச்சினையே இல்லை. அதனால் ‘ராணித் தியாகம்’ என்று கேட்டதும் கடினம் என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய காயைக் கொடுப்பது கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது, என்ஜினுக்கு அதில் ஒன்றுமில்லை. ஷிரோவினுடையது போன்ற சத்தமில்லாத தியாகம்தான் அதை மூச்சுவாங்க வைக்கும். செக் இல்லை, மிரட்டல் சின்னது, லாபம் ரொம்பத் தள்ளி.

இரண்டாவது ஜாதியில் ராஜா மிகைல் டால். ஷிரோவ் பிறந்த அதே லாட்வியாவின் ரீகாவில் பிறந்தவர். 1960-இல் மாஸ்கோவில் போட்வின்னிக்குடன் உலக சாம்பியன் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் 21-ஆவது நகர்த்தலாகத் தன் குதிரையை எஃப்4-இல் கொண்டுபோய்ப் போட்டார். அரங்கில் எழுந்த சத்தத்தில் ஆட்டத்தையே பின்னறைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. டால் ஜெயித்தார். பிறகு உட்கார்ந்து அலசியவர்கள் போட்வின்னிக் சரியாக ஆடியிருந்தால் தியாகம் எடுபட்டிருக்காது என்று காட்டினார்கள். என்ஜினும் அந்தக் கட்சிதான். அப்படியானால் என்ஜின் இந்தக் குதிரையைத் தேர்ந்தெடுக்காதது தோல்வியா? எதிரில் இருப்பது தவறே செய்யாத ஆள் என்று வைத்துக்கொண்டுதான் அது தேடுகிறது. டாலுக்கு எதிரில் இருந்தது 48 வயது மனிதர், பக்கத்தில் ஓடும் கடிகாரம், இரைச்சலிடும் கூட்டம். டால் போட்ட கணக்கில் இவையெல்லாம் உண்டு, பலகையில் இவை எதுவும் இல்லை. பலகையை மட்டும் பார்க்கத் தெரிந்த ஒன்றிடம் இதைக் கேட்பது, சமையல் குறிப்பைப் படித்துவிட்டு ருசி எப்படி என்று கேட்பது போல.

இதெல்லாம் பழைய பாணி என்ஜினின் கதை, இப்போது தானாகவே கற்றுக்கொள்ளும் நியூரல் நெட்வொர்க் வந்துவிட்டதே என்பீர்கள். வந்தது உண்மைதான். 2017 டிசம்பரில் கூகுளின் டீப்மைண்ட் செய்த ஆல்பாஜீரோ, ஸ்டாக்ஃபிஷ் 8 என்ற பழைய பாணி என்ஜினை 100 ஆட்டத்தில் 28-இல் வென்றது, 72 டிரா, தோல்வி இல்லை. விநாடிக்கு அது பார்த்தது 80 ஆயிரம் நிலைகள். ஸ்டாக்ஃபிஷ் பார்த்தது 7 கோடி. குறைவாகப் பார்த்து, சிப்பாய்களையும் காய்களையும் தாராளமாகக் கொடுத்து, பிடியை இறுக்கி ஆடியது. பார்த்தவர்களுக்கு டால் ஞாபகம் வந்தது. காரணம் மார்க் போடும் விதம். கோடிக்கணக்கான நிலைகளிலிருந்து ‘இப்படி இருந்தால் ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு’ என்று கற்றுக்கொண்ட மூளைக்கு, கையில் எத்தனை காய் என்பது ஒரு விஷயம் மட்டுமே. 2020 செப்டம்பரில் ஸ்டாக்ஃபிஷும் தன் 12-ஆவது பதிப்பில் ஒரு சின்ன நெட்வொர்க்கைச் சேர்த்துக்கொண்டது. அடிப்படை யோசனை ஜப்பானின் ஷோகி ஆட்டத்திலிருந்து வந்தது. இப்போதுள்ள ஸ்டாக்ஃபிஷுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுத்தால் ஷிரோவின் பிஷப்பைப் பிடித்துவிடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், ஆல்பாஜீரோவின் வழியில் எழுதப்பட்ட லீலா என்ற என்ஜினுக்கு வேறு இடத்தில் கண் மறைக்கும். எந்த நகர்த்தலைத் தோண்டலாம் என்பதை அதன் உள்ளுணர்வுதான் முடிவு செய்கிறது. ‘இது ஆடக்கூடியதே இல்லை’ என்று உள்ளுணர்வு சொல்லிவிட்டால், அந்தப் பக்கம் போகவே ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளும். நிஜத் தியாகத்துக்குத் தலையாட்டும் அது, விசித்திரமான ஒரு போலித் தியாகத்தில் தடுக்கி விழலாம். பழைய என்ஜின் நேர்மாறு. அதனால் இந்தப் பரீட்சையில் ‘எந்த என்ஜின் கெட்டிக்காரன்’ என்று கேட்பதைவிட, எந்த மாதிரிக் கேள்வியில் எது திணறுகிறது என்று பார்ப்பதுதான் சுவாரசியம்.

இன்னொன்று. வினாத்தாள் தயாரிக்கும்போது ஆட்டத்தின் வருடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2013-இல் வெய்க் ஆன் சேயில் நம் ஆனந்த், அரோனியனுக்கு எதிராகக் கறுப்பில் 23 நகர்த்தலில் முடித்த ஆட்டம் இருக்கிறதே, 16-ஆவது நகர்த்தலில் குதிரையை இ5-இல் வைத்துத் தாக்குதலைத் திறந்தது, நூறு வருடத்துக்கு முந்தைய ரூபின்ஸ்டைனின் ஆட்டத்தோடு வைத்துப் பேசப்பட்ட அழகு. சென்னைக்காரர்களுக்குக் கேட்கவே இனிக்கும். ஆனால் அந்தத் தொடக்கத்தில் ஒரு பகுதி, முந்தைய வருடம் கெல்ஃபாண்டுடன் நடந்த உலக சாம்பியன் போட்டிக்காக ஆனந்தின் குழு வீட்டிலேயே தயார் செய்து வைத்திருந்தது. இந்தக் காலத்தில் அப்படித் தயார் செய்வது என்றால் பக்கத்தில் என்ஜின் இல்லாமல் நடக்காது. பலகையில் உட்கார்ந்து அதை ஞாபகப்படுத்தி, சரியான இடத்தில் எடுத்து வைப்பது பெரிய திறமை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ‘மனிதன் கண்டுபிடித்ததை என்ஜின் கண்டுபிடிக்குமா’ என்ற பரீட்சைக்கு அதை எடுத்தால், என்ஜினிடம் அதன் சொந்தக் கையெழுத்தையே காட்டி அடையாளம் கேட்பதுபோல் ஆகிவிடும்.

சரி, பலகையை இன்னும் கலைக்கவில்லையே? ஸ்டாக்ஃபிஷ் இலவசம், எந்த போனிலும் ஓடும். மெமரியைக் காலி செய்யுங்கள், ஒரே ஒரு வரியை மட்டும் காட்டச் சொல்லுங்கள், கறுப்பு நகர்த்தும்படி வைத்துவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிஷப் எச்3 வந்து, மாறாமல் நின்று, மார்க்கும் ‘ஜெயம்’ என்ற அளவுக்கு ஏறினால், அப்புறம் நீங்கள் வெள்ளையாக உட்கார்ந்து கொஞ்சம் வம்பு செய்யுங்கள். பிஷப்பை வெட்டாதீர்கள். ராஜாவை எஃப்2-க்கு நகர்த்துங்கள். என்ஜின் ராஜாவை எஃப்5-க்குக் கொண்டுவரும். நீங்கள் ராஜாவை எஃப்3-க்கு ஏற்றுங்கள். இ4 வாசல் மூடிவிட்டதுபோல் தெரியும். விஷயம் புரிந்த என்ஜின் இப்போது அதே பிஷப்பைத் தூக்கி ஜி2 சிப்பாயின் மேல் போட்டு செக் சொல்லும். வெட்டாவிட்டால் அந்தச் சிப்பாய் சும்மா போய்விடும், வெட்டினால் உங்கள் ராஜா மூலைப்பக்கம் இழுபட்டுப் போகும், கறுப்பு ராஜா இ4-இல் வந்து நிற்கும்.